கேட்ட பதிவைப் பற்றிச் சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பதிவுகளில் கேட்பவர்கள், கேட்டதைச் சக ரசிகர்களிடம் சொல்லத் தொடங்கும்போது ஒரே மாதிரியான சந்தேகங்கள் எழுகின்றன. வருவோருக்கெல்லாம் வாய்மொழியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. பதில்களில் என் சாய்வுகள் தெரியும், மறைக்க முயலவில்லை.

எனக்கு இசை இலக்கணம் எதுவும் தெரியாது. நான் கருத்துச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பவர் இருந்தால் அவரோடு இசை பேச வேண்டியதில்லை. ஒரு பதிவைப் பற்றி உருப்படியாக ஒரு வாக்கியம் சொல்ல இலக்கணம் கட்டாயமில்லை. காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்; கேட்ட இடத்தைக் காட்டத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஷூபர்ட்டின் கடைசிப் பியானோ சொனாட்டாவை (பி பிளாட் மேஜர், டி. 960) எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான ஒரு மெட்டு தொடங்குகிறது. சற்று நேரத்திலேயே அது தயங்கி நிற்க, பியானோவின் அடிமட்டத்தில் இடக்கை மிக மெல்லிய ஒரு நடுக்கத்தை எழுப்பிவிட்டு அடங்குகிறது. ஒரு கணம் மௌனம். பிறகு எதுவுமே நடக்காததுபோல அதே மெட்டு. அந்த நடுக்கத்துக்கு ட்ரில் என்று பெயர் என்பது தெரியாத ஒருவர், "ஒரு பதிவில் அது கேட்டதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது, இன்னொன்றில் திடுக்கிட்டுப்போனேன்" என்று சொன்னால், அந்த இரண்டு கலைஞர்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைச் சொல்லிவிட்டார். இலக்கணம் தெரிந்தவர் மீதியைச் சொல்லட்டும்.

"காரயனின் பீத்தோவன் ஐந்தாவது" என்று எழுதினால் போதாதா? எல்லாருக்கும் புரியுமே?

புரியாது. இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரான காரயன் அந்தச் சிம்பொனியை 1950-களில் லண்டனின் பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு பதிவு செய்தார். பிறகு பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு 1960-களில் ஒருமுறை, 1970-களில் ஒருமுறை, 1980-களில் ஒருமுறை. நீங்கள் 60-களின் பதிவைப் புகழ, எதிரில் இருப்பவர் 80-களின் பதிவை மனதில் வைத்து மறுப்பார். இருவரும் சொன்னது சரியாகவே இருக்கும். விவாதம் மட்டும் விடியும் வரை ஓடும்.

இசையமைப்பாளர், படைப்பு, வாசித்தவர் அல்லது நடத்தியவர், இசைக்குழு, பதிவான ஆண்டு: இவை ஐந்தும் இருந்தால் போதும். வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டாகக் குறித்துவிடாதீர்கள். கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்த ஐந்தாவது சிம்பொனி பதிவானது 1974-இல், கடைக்கு வந்தது 1975-இல். மறுவெளியீடுகளின் உறையில் அச்சிட்ட ஆண்டு இன்னும் ஏமாற்றும்.

சிம்பொனி எண்ணே குழப்புகிறது. பழைய தட்டில் "ட்வோர்ஷாக் 5" என்று இருக்கிறது, ஆனால் கேட்டால் ஒன்பதாவது வருகிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. 'நியூ வேர்ல்ட்' சிம்பொனி நெடுங்காலம் ஐந்தாவது என்றே அறியப்பட்டது. ட்வோர்ஷாக்கின் ஆரம்பகாலச் சிம்பொனிகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது ஒன்பதாவது ஆனது. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனிக்கும் தட்டைப் பொறுத்து 7, 8, 9 என்று மூன்று எண்கள் உண்டு. எனவே எண்ணோடு (சி மேஜர் போன்ற) சுருதியையும், அந்த இசையமைப்பாளரின் படைப்புப் பட்டியலில் அதற்குள்ள அட்டவணை எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாக் என்றால் பி.டபிள்யூ.வி., மொசார்ட் என்றால் கே., ஷூபர்ட் என்றால் டி.

"அருமை", "மனதை உருக்கிவிட்டது" என்று எழுதினால் ஒருவரும் பதில் சொல்வதில்லையே, ஏன்?

பதில் சொல்ல அதில் என்ன இருக்கிறது? உங்கள் மனம் உருகியது. மகிழ்ச்சி. அதை யாரும் மறுக்கவும் முடியாது, சோதித்துப் பார்க்கவும் முடியாது. எங்கே உருகியது என்று சொல்லுங்கள், உடனே நான்கு பேர் அந்த இடத்தைப் போட்டுக் கேட்பார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த படைப்பிலேயே ஓர் இடம். பீத்தோவன் ஐந்தாவதின் முதல் பகுதியில் அந்த நான்கு சுர முழக்கம் பிற்பாதியில் மீண்டும் வருகிறது. இசைக்குழு முழுவதும் பாய்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்று, ஒற்றை ஓபோ (மர ஊதுகருவி) மட்டும் தாளக்கட்டை விட்டு வெளியே வந்து, இறங்குமுகமாகச் சில சுரங்களைத் தனியே இழைத்துவிட்டுப் போகிறது. சில விநாடிகள்தான். சில நடத்துநர்கள் ஓபோ கலைஞரை விருப்பம்போல விட்டுவிடுகிறார்கள். அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். சிலர் அந்த இடத்தையும் கடிகாரம் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். "இந்தப் பதிவில் ஓபோவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்" என்ற ஒரு வரி, "அருமை" என்று பத்து முறை எழுதுவதைவிடப் பெரியது.

அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் நிமிடம், விநாடி போட வேண்டுமா?

ஒன்றிரண்டு இடங்களுக்குப் போட்டால் போதும். ஆனால் எந்தத் தடத்தில் (டிராக்) என்பதையும் சொல்லுங்கள். ஒரு வெளியீட்டில் சிம்பொனியின் மூன்றாம், நான்காம் பகுதிகள் ஒரே தடமாக இருக்கும், இன்னொன்றில் தனித்தனியாக. வெறுமனே "5:40" என்றால் தேடுபவர் எங்கோ போய் நிற்பார்.

வேகமாக வாசிக்கிறார், மெதுவாக வாசிக்கிறார் என்பதை மொத்த நேரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் அல்லவா?

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பியானோ கலைஞர் கிளென் கூல்ட், ஒரு மெட்டையும் அதன் மாற்று வடிவங்களையும் (வேரியேஷன்) கொண்ட பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை 1955-இல் பதிவு செய்தபோது முழுவதும் 38 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் ஆனது. 1981-இல் அவரே மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடங்கள். வயதானதும் நிதானம் வந்துவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். பாதி உண்மைதான். தொடக்க மெட்டு முதல் பதிவில் இரண்டு நிமிடங்களுக்குள் முடிகிறது, இரண்டாவதில் மூன்று நிமிடங்களைத் தாண்டுகிறது. ஆனால் ஒவ்வொரு வேரியேஷனிலும் இரு பாதிகளையும் இருமுறை வாசிக்கும்படி பாக் எழுதியிருக்கிறார். 1955-இல் கூல்ட் எதையும் திரும்ப வாசிக்கவில்லை. 1981-இல் சிலவற்றில் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசித்தார். கூடிய நிமிடங்களில் ஒரு பங்கு இதனால் வந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாசிக்கும் பியானோ கலைஞருக்கு, வேகமாகவே வாசித்தாலும், 70 நிமிடங்களைத் தாண்டிவிடுவது சாதாரணம்.

முதல் கேள்வியில் சொன்ன ஷூபர்ட் சொனாட்டாவில் இது இன்னும் கூர்மை. பியானோ கலைஞர் ரிக்டரின் கையில் முதல் பகுதி மட்டும் 24 நிமிடங்களை ஒட்டி ஓடும்: வேகமும் குறைவு, திரும்ப வாசிப்பதும் உண்டு. இன்னொரு பியானோ கலைஞரான பிரெண்டல் திரும்ப வாசித்ததில்லை. அதற்குக் காரணமும் சொன்னவர். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொடக்கத்துக்குத் திரும்பும் வழியில் மட்டும் வருகிற சில வரி இசையை ஷூபர்ட் எழுதியிருக்கிறார். அந்த அடிமட்ட நடுக்கம் அங்கேதான் முதல்முறையாக உரக்க வெடிக்கிறது. திரும்ப வாசிக்காவிட்டால் அந்த வரிகளே இல்லாமல் போகும். நான் ரிக்டர் கட்சி. ஆகவே நேரத்தைச் சொல்லும்போது கூடவே ஒரு சொல்: திரும்ப வாசிக்கிறாரா, இல்லையா.

இசையமைப்பாளரே வேகத்தைக் குறித்துவிட்டால் பிறகு என்ன விவாதம்?

பீத்தோவன் தம் முதல் எட்டுச் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் குறிப்பு) 1817-இல் வெளியிட்டார். அவை பல நடத்துநர்களுக்கு மிக வேகமாகப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலோர் அவற்றை ஒதுக்கியே வைத்தார்கள். பிறகு வந்த ஒரு தலைமுறை அவற்றை அப்படியே பின்பற்றப் பார்த்தது. எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, "எண்ணைப் பின்பற்றுகிறது, எனவே நல்ல பதிவு" என்று எழுதாதீர்கள். எண்ணைப் பின்பற்றிய சப்பையான வாசிப்புகள் நிறைய உண்டு.

பாக் பதிவு ஒன்று கேட்டேன். சுருதி அரைப் படி இறங்கி ஒலிக்கிறது. பதிவில் கோளாறா?

அக்காலத்துக் கருவிகளில் வாசிக்கும் குழுவாக இருந்தால் கோளாறு இல்லை. இன்றைய பொதுச் சுருதியில் நடு 'ஏ' 440 ஹெர்ட்ஸ். பரோக் (பாக் காலத்து) இசைக் குழுக்கள் பெரும்பாலும் 415-ஐ வைத்துக்கொள்கின்றன. அது ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் கீழே. பிரெஞ்சு பரோக் இசைக்கு 392 வரைகூட இறங்குவார்கள். சுருதிஞானம் கூர்மையாக உள்ளவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் உறுத்தும், பிறகு பழகிவிடும்.

பழைய தட்டுகளிலிருந்து எடுத்த பதிவில் இப்படிக் கேட்டால் மட்டும் சந்தேகப்படலாம். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் பெற்ற தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிவானவை அல்ல. தவறான வேகத்தில் மாற்றியிருந்தால் சுருதியோடு வேகமும் மாறியிருக்கும். கலைஞரை அதற்காகப் புகழ்வதும் திட்டுவதும் வீண்.

பழைய பதிவுகளில் ஒரே இரைச்சல். அதையும் மதிப்பீட்டில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனியாக. படைப்பு, வாசிப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றைப் பற்றியும் நாம் ஒரே மூச்சில் பேசிவிடுகிறோம். "இந்தப் பதிவு வறண்டிருக்கிறது" என்றால் எது வறண்டது? டோஸ்கனினி என்.பி.சி. இசைக்குழுவோடு நியூயார்க்கின் 8-எச் ஸ்டுடியோவில் செய்த பதிவுகளைக் கேட்டு அவர் வறண்ட நடத்துநர் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அறையில் எதிரொலியே கிடையாது. வறட்சியில் பெரும்பங்கு அறையினுடையது.

செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் பாக்கின் ஆறு செல்லோ சூட்களை (நடன இசைத் தொகுதிகளை) 1936 முதல் 1939 வரை பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் அடங்கும். காந்த நாடா வருவதற்கு முந்தைய காலம் என்பதால் தவறிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டவும் முடியாது. பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். இது தெரிந்த பிறகு கேட்டால், ஆங்காங்கே கரகரக்கும் ஒரு சுரம் வேறுவிதமாகக் கேட்கிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. "இரைச்சல் அதிகம், பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை" என்பதும் நேர்மையான, பயனுள்ள தகவல்தான்.

ஒரு பதிவில் நன்றாகக் கேட்ட ஒரு கருவி, அதே இடத்தில் இன்னொரு பதிவில் காணவே காணோம். காது பொய் சொல்கிறதா?

காதை நம்புங்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கேட்பவர் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அது தம் பிழையென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். புரூக்னரின் ஏழாவது சிம்பொனியில் மெதுவான பகுதி நெடுநேரம் ஏறி ஏறி உச்சியை அடையும்போது சிம்பல் (பெரிய ஜால்ரா போன்றது) ஒரே ஒரு முறை முழங்குகிறது, அல்லது முழங்குவதில்லை. கையெழுத்துப் பிரதியில் சிம்பல் உள்ளிட்ட தாளக்கருவிகள் தனித்துண்டில் எழுதி ஒட்டப்பட்டுள்ளன; அதில் "செல்லாது" என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது, அதை எழுதியது யார் என்பதில் கருத்து வேறுபாடு. பதிப்பாசிரியர்களில் ஹாஸ் தம் பதிப்பில் சிம்பலை நீக்கினார், நோவாக் சேர்த்தார். நடத்துநர் எந்தப் பதிப்பை எடுத்தார் என்பது அந்த ஒரு விநாடியில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹாஸ் பதிப்பை வைத்துக்கொண்டே சிம்பலைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு.

மொசார்ட்டின் நாற்பதாவது சிம்பொனியை அவரே இரு வடிவங்களில் விட்டுச்சென்றார்: ஒன்றில் கிளாரினெட் கிடையாது, மற்றொன்றில் உண்டு. பீத்தோவன் ஐந்தாவதிலும் ஒன்று. முதல் பகுதியின் இரண்டாவது மெட்டை அறிவிக்கும் குரலை முதல் தடவை ஹார்ன்கள் (பித்தளை ஊதுகருவிகள்) முழங்குகின்றன. ஓபோ தனியே பாடிய இடத்தைத் தாண்டி அது மீண்டும் வரும்போது பீத்தோவன் எழுதியது பஸூன்களுக்கு (அடிக்குரல் மர ஊதுகருவிகள்). அக்காலத்து ஹார்னில் அந்தச் சுரங்கள் சரிவரக் கிடைக்காது. கம்பீரம் குறைகிறதே என்று பல நடத்துநர்கள் அங்கும் ஹார்னையே வைத்துவிட்டார்கள். நான் பஸூன் பக்கம். அந்தச் சற்றே அடைத்த குரலில் ஒரு பதற்றம் இருக்கிறது, ஹார்னில் அது போய்விடுகிறது.

எதில் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டுமா? சாதாரண ஹெட்போன்தான் இருக்கிறது.

ஒலியைப் பற்றி ஏதாவது சொல்வதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். வாசிப்பைப் பற்றிப் பேச விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒலியளவைக் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும்.

கச்சேரியில் நேரடியாகப் பதிவானதுதான் உண்மையானது, ஸ்டுடியோ பதிவு ஒட்டுப்போட்டது என்கிறார் நண்பர். சரியா?

உறையில் 'நேரடிப் பதிவு' என்று இருப்பதில் பல, இரண்டு மூன்று கச்சேரிகளிலிருந்தும் ஒத்திகையிலிருந்தும் எடுத்துக் கோத்தவை. இருமலையும் கைதட்டலையும் நீக்கிவிடுவதும் உண்டு. நடத்துநர் ஃபுர்ட்வேங்லர் 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவில் நடத்திய பீத்தோவன் ஒன்பதாவது நேரடிப் பதிவுகளின் சிகரம் என்று போற்றப்பட்டு வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் வானொலி நாடா ஒன்று வெளிவந்தது. அது பழகிய பதிவோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. எது கச்சேரி, எதில் ஒத்திகை கலந்தது என்ற விவாதம் எழுந்தது.

நண்பரிடம் சொல்லுங்கள்: ஒட்டு இருக்கிறதா என்று தேடுவதைவிட, இசை ஓடுகிறதா என்று கேட்பது மேல். கூல்ட் ஒட்டுவதை ஒளிக்கவே இல்லை. 1964-க்குப் பிறகு மேடையே ஏறாமல் ஸ்டுடியோவே போதும் என்று இருந்துவிட்டார்.

எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் பதிவு எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லலாமா?

சொல்லுங்கள், இடத்தோடு சொல்லுங்கள். "மிகைப்படுத்தப்பட்ட பதிவு" என்றால் அதைப் போற்றுபவர்களைத்தான் தாக்குகிறீர்கள். அடுத்து வருவது சண்டை. "கூல்ட் கூடவே முணுமுணுப்பது என்னைக் கலைக்கிறது" என்றால் பதிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த முணுமுணுப்பு உண்மையிலேயே இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது.

விமர்சனங்களைப் படித்துவிட்டுக் கேட்கலாமா, கேட்டுவிட்டுப் படிக்கலாமா?

கேட்டுவிட்டுப் படியுங்கள். ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் 2006-இல் காலமானார். அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்திருந்தன. நோயோடு போராடிய முதிய பெண்மணி இத்தனையும் வாசித்தாரே என்று விமர்சகர்கள் வியந்து எழுதினார்கள். 2007-இல் ஒருவர் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் படைப்புகள் கொண்ட அவருடைய தட்டைக் கணினியில் போட்டார். தட்டின் தட நேரங்களை வைத்து அடையாளம் காணும் மென்பொருள் அதை லாஸ்லோ சைமன் என்ற வேறொரு கலைஞரின் தட்டு என்று காட்டியது. தோண்டத் தோண்ட, பிறருடைய பதிவுகள் பல அவர் பெயரில் வெளியானது தெரிந்தது. சிலவற்றில் வேகத்தைச் சற்று மாற்றியும் இருந்தார்கள். வெளியிட்டவர் அவர் கணவர். பிறகு ஒப்புக்கொண்டார்.

விமர்சகர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர்கள் புகழ்ந்த வாசிப்புகளில் பல நல்ல வாசிப்புகள்தான், ஆள்தான் வேறு. கதை தெரிந்தபின் காது அந்தக் கதையைத்தான் கேட்கிறது. முடிந்தால் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் நான்கு பதிவுகளை ஒரு நண்பரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். உறுதியாக வைத்திருந்த கருத்துகளில் சில கரைந்துவிடும்.

கதை காதைக் கெடுக்கும் என்றால், 1942 மார்ச்சில் ஃபுர்ட்வேங்லர் பெர்லினில் நடத்திய பீத்தோவன் ஒன்பதாவதை அந்தக் காலத்தைப் பற்றிப் பேசாமல் கேட்க வேண்டுமா?

நல்ல மடக்கு. இங்கே முந்தைய பதிலை நானே தளர்த்த வேண்டியிருக்கிறது. ஹாட்டோ விஷயத்தில் கதை பொய். இங்கே கதை நடந்தது: நாஜி ஆட்சியின் நடுவில், போருக்கு நடுவில், ஒன்பதாவதின் கடைசிப் பகுதியில் மனிதர் எல்லாரும் சகோதரர் என்று பாடுகிறார்கள். ஃபுர்ட்வேங்லர் நாஜிக் கட்சியில் சேரவில்லை, ஆனால் நாட்டை விட்டுப் போகவுமில்லை. போருக்குப் பிந்தைய விசாரணை அவரை விடுவித்தது. காரயன் கட்சி உறுப்பினர். இவை பதிவான உண்மைகள், பேசலாம்.

பேசும்போது இரண்டையும் வேறு வேறு வாக்கியங்களில் வையுங்கள். அந்தப் பதிவில் முரசுகள் ஒலிவாங்கியே தாங்காத அளவுக்கு இடிக்கின்றன, இது கேட்டது. அது எதிர்ப்பா, வெறியா, அன்றைய மனநிலையா என்பது நீங்கள் ஊகிப்பது. இந்த இசையை இனிக் கேட்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதிடாதீர்கள். அது ரசனைக் குறைவு அல்ல.

போன வருடம் பிடித்த பதிவு இப்போது சலிக்கிறது. முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. பழையதை அழிக்காமல் புதியதைக் கீழே சேர்த்து, எந்த இடம் இப்போது வேறாகக் கேட்கிறது என்று எழுதுங்கள். சக ரசிகர்களுக்கு இந்த மாற்றம்தான் சுவாரசியம்.

எல்லாம் சரி. தொடங்குவதற்கு ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள்.

ஒன்றைச் சொன்னால் அதுவே அளவுகோலாகிவிடும், அதனால் இரண்டு. பீத்தோவன் ஐந்தாவது: முதலில் கிளைபர் 1974. அடுத்த நாள், 1990-களில் ஜான் எலியட் கார்டினர் அக்காலத்துக் கருவிகளோடு செய்த பதிவு. இரண்டிலும் ஓபோ தனியே வரும் இடத்தையும், அதற்குப் பின் அந்த அறிவிப்பை ஹார்ன் முழங்குகிறதா பஸூன் முழங்குகிறதா என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள். பேசுவதற்கு அது தாராளமாகப் போதும்.